கடுமையாக நோயுற்ற நாயைப் பராமரிப்பது எப்படி? நோய் தெரிந்த நாள் முதல் விடைபெறும் நாள் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

கால்நடை மருத்துவர் நோயின் பெயரைச் சொன்ன பிறகு அவர் பேசிய எதுவும் பலருக்குக் காதில் விழுவதில்லை. சிறுநீரகச் செயலிழப்பு, இதய வால்வு நோய், நிணநீர்ப் புற்றுநோய் என்று பெயர் எதுவானாலும், வீடு திரும்பும்போது மனத்தில் ஒரே கேள்விதான் நிற்கிறது: இன்னும் எத்தனை நாள்? அந்தக் கேள்வி நாயை வாட்டுவதில்லை. வயிறு குமட்டுகிறதா, இடுப்பு வலிக்கிறதா, வீட்டு மனிதர்கள் பக்கத்தில் இருக்கிறார்களா என்பதே அதன் உலகம். ஆகவே முதலில் நாம் பழக வேண்டியது, அதன் இன்றைய நாளை உள்ளபடி பார்ப்பதற்குத்தான். சிகிச்சை, உணவு, படுக்கை, கடைசி முடிவு ஆகிய எல்லாவற்றையும் அந்தப் பார்வையை வைத்தே தீர்மானிக்க முடியும்.

படி 1: நோயைப் பற்றி முழுதாகக் கேட்டுக்கொள்ளுங்கள்

அதிர்ச்சியில் கேட்டது பாதிதான் நினைவில் இருக்கும். ஓரிரு நாளில் மருத்துவரை மீண்டும் ஒரு முறை சந்தியுங்கள். கேள்விகளை எழுதிக்கொண்டு, வீட்டில் நிதானமான ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது? சிகிச்சையின் நோக்கம் குணப்படுத்துவதா, ஆயுளைக் கூட்டுவதா, வேதனையைக் குறைப்பதா? சிகிச்சை எடுத்தால் அடுத்த சில மாதங்கள் எப்படி இருக்கும், எடுக்காவிட்டால் எப்படி இருக்கும்? இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் கிடைக்காமல் எதற்கும் சம்மதம் சொல்லாதீர்கள்.

பதில்கள் எவ்வளவு மாறுபடும் என்பதற்கு நிணநீர்ப் புற்றுநோய் நல்ல உதாரணம். பல மருந்துகளைச் சேர்த்துத் தரும் கீமோதெரபியில் பெரும்பாலான நாய்களுக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்குகிறது. நோயின் வகையைப் பொறுத்துப் பல நாய்கள் ஏறத்தாழ ஓராண்டு நன்றாக வாழ்கின்றன. பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் பொதுவாக ஓரிரு மாதங்கள்தான். ஸ்டீராய்டை முதலில் தொடங்கிவிட்டுப் பிறகு கீமோவுக்குப் போனால் கீமோ சரியாக வேலை செய்யாமல் போகலாம். அதனால் எந்த வழி என்பதை முதல் மாத்திரைக்கு முன்பே முடிவுசெய்ய வேண்டும். மனிதர்கள் கீமோவில் படும் பாட்டைப் பார்த்துவிட்டு நாய்க்கும் அதே கதிதான் என்று பயப்படுகிறோம். நாய்களுக்கு வாழ்க்கைத் தரம் கெடாதபடி குறைந்த அளவிலேயே மருந்து தருகிறார்கள். முடி தொடர்ந்து வளரும் பூடில் போன்ற சில இனங்களைத் தவிர மற்றவற்றுக்கு முடி பெரிதாகக் கொட்டுவதுமில்லை.

செலவைப் பற்றியும் மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். உங்களால் எவ்வளவு முடியும் என்று தெரிந்தால் அதற்குள் ஆகக்கூடிய நல்ல வழியை அவரால் சொல்ல முடியும். எல்லாப் பரிசோதனைகளையும் செய்தால்தான் பாசம் என்று யாரும் உங்களை நினைக்க வைக்க வேண்டியதில்லை.

எந்த அறிகுறி கண்டால் நள்ளிரவானாலும் ஓடிவர வேண்டும் என்பதையும் கேட்டு, சுவரில் ஒட்டிவையுங்கள். எல்லா நாய்களுக்கும் பொதுவானவை இவை: கழுத்தை நீட்டி வாயைத் திறந்து மூச்சுக்குத் திணறுவது, ஈறு வெளுத்தோ நீலம் பாரித்தோ போவது, திடீரெனச் சரிந்து விழுவது, ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்காத வலிப்பு, வயிறு உப்பி வாந்தி வராமலே ஓங்கரிப்பது, சிறுநீர் கழிக்க முயன்றும் வராமல் போவது.

படி 2: ஒரு குறிப்பேடு தொடங்குங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்கு மெதுவான சரிவு தெரியாது. காலையில் வால் ஆட்டினால் தேறிவிட்டது என்று நினைப்போம், மாலையில் சாப்பிடாவிட்டால் எல்லாம் முடிந்தது என்று கலங்குவோம். இரண்டு வார எழுத்து அந்த இரண்டையும் சமப்படுத்திவிடும்.

தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள். மார்பு ஒரு முறை ஏறி இறங்கினால் ஒன்று. முப்பது விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். உறக்கத்தில் நிமிடத்துக்கு 30-க்குக் கீழே இருப்பது இயல்பு. இதய நோயுள்ள நாய்க்கு அது தொடர்ந்து 30-ஐத் தாண்டினால் நுரையீரலில் நீர் சேரத் தொடங்கியிருக்கலாம். கண்ணால் பார்த்தே தெரிகிற மூச்சுத்திணறல் வருவதற்கு முன்பே இந்த எண் ஏறிவிடும். அன்றே மருத்துவரை அழைத்தால் ஒரு நெருக்கடியைத் தவிர்த்துவிடலாம்.

மேல் ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மீண்டும் இளஞ்சிவப்பாக வேண்டும். ஈறு கறுப்பாக உள்ள நாய்க்குக் கீழ் இமையின் உட்புறத்தின் நிறத்தைப் பாருங்கள். தண்ணீரை அளந்து வைத்து, மிஞ்சியதைக் கழித்து எழுதுங்கள். ஒரு நாளில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 100 மில்லிக்கு மேல் குடித்தால் அது அளவுக்கு மீறிய தாகம். வாரம் ஒரு முறை எடை பாருங்கள். சிறிய நாயைத் தூக்கிக்கொண்டு எடை இயந்திரத்தில் ஏறி, பிறகு உங்கள் எடையைக் கழித்தால் போதும்.

இந்த எண்களுக்குப் பக்கத்தில் இன்னொரு பட்டியலும் வேண்டும். உங்கள் நாய்க்கு மிகப் பிடித்த ஐந்து காரியங்களை எழுதுங்கள். வாசலுக்கு ஓடிவருவது, ஒரு குறிப்பிட்ட பந்து, ஜன்னல் ஓரம், உங்கள் காலடியில் படுப்பது, இன்னொருவரின் மடி என்று எதுவாகவும் இருக்கலாம். நோய் முற்றுவதற்கு முன்பே, அது எப்படிப்பட்ட நாய் என்பது உங்களுக்குத் தெளிவாக நினைவிருக்கும்போதே எழுதிவிடுங்கள். ஒவ்வொரு இரவும் அவற்றில் எவை இன்று நடந்தன என்று குறித்து, கடைசியில் ஒரே சொல்லில் ‘நல்ல நாள்’ அல்லது ‘கெட்ட நாள்’ என்று எழுதுங்கள். மாதம் ஒரு முறை அது நடப்பதைக் கைபேசியில் படம்பிடித்து வைத்தால் மருத்துவருக்கும் பயன்படும்.

படி 3: வலியைக் கண்டுபிடியுங்கள்

வாயில்லா ஜீவன் என்று சொல்கிறோம். கத்தவில்லை என்பதால் வலிக்கவில்லை என்றும் நினைத்துவிடுகிறோம். இறந்துபோன எஜமானருக்காக டோக்கியோவின் ஷிபுயா ரயில் நிலையத்தில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த ஹச்சிகோ 1935 மார்ச் மாதம் இறந்தது. அதன் உறுப்புகளைப் பாதுகாத்து வைத்திருந்தார்கள். பின்னாளில் ஆராய்ந்தபோது இதயத்திலும் நுரையீரலிலும் புற்றுநோய் இருந்தது தெரியவந்தது. அந்த முடிவு 2011-ல் வெளியானது. நிலையத்தைக் கடந்துபோனவர்களுக்குக் காத்திருக்கும் நாய்தான் தெரிந்தது, நோயாளி தெரியவில்லை.

நாட்பட்ட வலி பெரும்பாலும் ஓசையில்லாமல்தான் வருகிறது. வெயிலோ ஓட்டமோ இல்லாமல் இரைப்பது, இரவில் படுத்து எழுந்து இடம் மாறிக்கொண்டே இருப்பது, ஒரே இடத்தை நக்குவது, முதுகைக் கூனி நிற்பது, படி ஏறத் தயங்குவது, முன்பு தேடிவந்த கையைவிட்டு ஒதுங்குவது, தொட்டால் உறுமுவது ஆகியவற்றைக் கவனியுங்கள். ‘வயதாகிவிட்டது, முன்போல் விளையாடுவதில்லை’ என்று நாம் சொல்லும் பல நாய்கள் உண்மையில் வலியோடுதான் இருக்கின்றன. சந்தேகமாக இருந்தால் சில நாட்கள் வலிநிவாரணி கொடுத்துப் பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மருந்து உள்ளே போனதும் பழைய குணம் திரும்பினால் அதுவரை இருந்தது வலி என்பது உறுதியாகிவிடும்.

வீட்டு மருந்துப் பெட்டியைத் தொடவே கூடாது. இபுபுரூஃபன் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாராசிட்டமால் கல்லீரலைத் தாக்கும், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையும் குலைக்கும். நாய்களுக்கென மருத்துவர் தரும் கார்ப்ரோஃபன், மெலோக்சிகாம் போன்றவற்றையும் ஸ்டீராய்டோடு சேர்த்துக் கொடுத்தால் இரைப்பைப் புண் வரும் ஆபத்து மிக அதிகம். இரண்டு மருத்துவர்களிடம் காட்டுகிறீர்கள் என்றால் இருவருக்கும் முழு மருந்துப் பட்டியலையும் காட்டுங்கள். மலம் தார் போலக் கறுத்தாலோ வாந்தி எடுத்தாலோ அடுத்த வேளை வலி மருந்தைக் கொடுக்காமல் மருத்துவரை அழையுங்கள். ஸ்டீராய்டு விஷயம் நேரெதிர். நாட்கணக்கில் கொடுத்துவந்ததைத் திடீரென நிறுத்தினால் உடல் நிலைகுலையும், மருத்துவர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஸ்டீராய்டு தாகத்தையும் பசியையும் சிறுநீரையும் கூட்டும். வீட்டுக்குள் ஈரம் செய்துவிட்டது என்று அப்போது நாயைத் திட்டாதீர்கள்.

படி 4: உணவும் மருந்தும்

சாப்பிடாத நாயைப் பார்ப்பதைவிடக் கொடுமை வேறில்லை. அந்தப் பதற்றத்தில்தான் தட்டுத் தட்டாக வைத்து, கெஞ்சி, வாயில் திணிக்கிறோம். உணவை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்புவது, உதட்டை அடிக்கடி நக்குவது, எச்சில் வடிவது எல்லாம் குமட்டலின் அடையாளங்கள். குமட்டலோடு இருக்கும்போது ஊட்டப்படும் உணவின் மீது நாய்க்கு வெறுப்பு வந்துவிடும், தேறிய பிறகும் அதைத் தொடாது. அதனால் முதலில் குமட்டலுக்கு மருந்து கேளுங்கள். மாரோபிட்டன்ட் இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. பசியைத் தூண்டவும் தனி மருந்துகள் உண்டு. பிறகு உணவை உடல் சூட்டளவுக்கு வெதுவெதுப்பாக்கி, மணம் எழும்படி, சிறிதளவே வையுங்கள். கால் மணி நேரத்தில் தொடாவிட்டால் எடுத்துவிட்டுப் பிறகு பாருங்கள்.

சிறுநீரக நோய்க்குப் பாஸ்பரஸ் குறைந்த உணவு உண்மையாகவே உதவுகிறது. ஆனால் அதை எத்தனை முறை வைத்தும் தொடவில்லை என்றால், வேறு எதைச் சாப்பிடுகிறதோ அதைக் கொடுக்கலாமா என்று கேளுங்கள். பட்டினி கிடந்து காக்கிற பத்தியத்தால் பயனில்லை. திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, சாக்லேட், சைலிட்டால் சேர்த்த சர்க்கரையில்லாத தின்பண்டங்கள் ஆகியவற்றைக் கடைசி ஆசை என்ற பெயரில்கூடக் கொடுக்காதீர்கள்.

நீர்த்த உணவையோ மருந்தையோ சிரிஞ்சில் கொடுக்கும்போது தலையை அண்ணாந்து தூக்காமல், கன்னத்தின் ஓரமாகச் சிறிது சிறிதாக விட்டு, விழுங்கிய பிறகு அடுத்ததைக் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டால் மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா வரலாம். எழ முடியாமல் மயங்கிக் கிடக்கும் நாயின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

மாத்திரையை அன்றாட உணவில் ஒளித்து வைக்காதீர்கள். ஒரு முறை கசந்தால் சாப்பாட்டையே சந்தேகிக்கும். பிடித்த தின்பண்டத்தின் மூன்று சிறு துண்டுகளை எடுத்து, முதலாவதை வெறுமனே கொடுங்கள். இரண்டாவதில் மாத்திரையை வைத்துக் கொடுங்கள், மூன்றாவதைக் கண்ணெதிரே காட்டிக்கொண்டே நில்லுங்கள். அந்த மூன்றாவதை வாங்கும் அவசரத்தில் இரண்டாவது உள்ளே போய்விடும்.

படி 5: படுக்கையும் சுத்தமும்

வழுக்கும் தரையில் விரிப்புப் போடுங்கள். பலவீனமான நாய் ஒரு முறை சறுக்கி விழுந்தால் பிறகு எழவே அஞ்சும். பின்னங்கால் தளர்ந்திருந்தால் அடிவயிற்றுக்கு அடியில் ஒரு துண்டை நுழைத்து இரு முனைகளையும் பிடித்துத் தாங்கி நடத்தலாம். தண்ணீர், படுக்கை, கழிக்கும் இடம் மூன்றும் சில அடி தூரத்துக்குள் இருக்கட்டும்.

படுத்த படுக்கையான நாயை இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். இடுப்பு, தோள், முழங்கை எலும்புகள் அழுந்தும் இடங்களில்தான் படுக்கைப் புண் வரும். ஈரமான தோல் வேகமாகப் புண்ணாகும் என்பதால் டயப்பரை அடிக்கடி மாற்றி, வெதுவெதுப்பான நீரில் துடைத்து, நன்றாக உலர்த்துங்கள். வால் பக்கத்து நீண்ட முடியைக் கத்தரித்துவிட்டால் வேலை பாதியாகும். தன்னைத் தானே அழுக்காக்கிக்கொள்வது நாய்க்கும் சங்கடம்தான். துடைக்கும்போது சலிப்பை முகத்தில் காட்டாதீர்கள், உங்கள் முகத்தை அது நன்றாகப் படிக்கும்.

படி 6: தாதியாக மட்டும் மாறிவிடாதீர்கள்

மாத்திரை, ஊசி, துடைப்பது, எடை பார்ப்பது என்று நாள் ஓடிவிடும். சில வாரங்களில் நீங்கள் கை நீட்டினாலே நாய் சுருங்கத் தொடங்கும், அதன் அனுபவத்தில் அந்தக் கை ஊசி கொண்டுவரும் கையாகிவிட்டது. நோயைவிட இது பலரை அதிகமாக நோகடிக்கிறது, ஆனால் சரிசெய்யக்கூடியது. வேலைகளை வீட்டில் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் மருந்து கொடுத்தால் இன்னொருவர் உணவு கொடுக்கட்டும். தனியாக இருப்பவர்கள் மருந்துக்கு ஓர் இடம், கொஞ்சுவதற்கு வேறு இடம் என்று பிரித்து, படுக்கையில் இருக்கும்போது ஒருபோதும் ஊசி போடாமல் இருக்கலாம். எந்தக் காரியமும் இல்லாமல், அதன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு நேரம் தினமும் இருக்கட்டும்.

அந்த நேரத்தில் உடலுக்குள்ளும் வேலை நடக்கிறது. ஜப்பானில் மிஹோ நகசவா குழுவினர் 2015-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், வளர்ப்பவரும் நாயும் ஒருவரையொருவர் நீண்ட நேரம் பார்த்துக்கொண்டபோது இருவரிடத்திலும் ஆக்சிடாசின் கூடியிருந்தது. தாய்க்கும் சேய்க்கும் இடையிலான பிணைப்போடு தொடர்புடைய சுரப்பு அது.

நடக்க முடியாவிட்டாலும் வெளியே தூக்கிச் சென்று படுக்க வையுங்கள். ஓட்டம் போனாலும் மூக்கு பெரும்பாலும் கடைசிவரை இருக்கிறது. புல்லையும் மண்ணையும் நிதானமாக முகர விடுங்கள், வலிக்கிற நாளில் அதுவே அதற்கு உலா.

படி 7: வீட்டாரும் சுற்றமும்

‘ஒரு நாய்க்குப் போய் இவ்வளவா?’ என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஜெர்மனியின் பான் நகரத்தில் உள்ள ஓபர்காசலில் 1914-ல் ஒரு புதைகுழியைக் கண்டுபிடித்தார்கள். ஏறத்தாழ 14,000 ஆண்டுகள் பழமையானது. ஓர் ஆண், ஒரு பெண் இருவரின் எலும்புகளோடு ஒரு நாய்க்குட்டியின் எலும்புகளும் இருந்தன. 2018-ல் வெளியான ஆய்வு, அதன் பல் எனாமலில் இருந்த சேதத்தை வைத்து, அந்தக் குட்டி டிஸ்டம்பர் நோயால் வாரக்கணக்கில் அவதிப்பட்டது என்று கணித்தது. சுமார் ஏழு மாத வயதில் அது இறந்துபோனது. வாந்தியும் பேதியுமாகக் கிடந்த அதை யாரோ சூடாக வைத்து, துடைத்து, தண்ணீர் காட்டியிருக்காவிட்டால் அத்தனை வாரம் தாங்கியிருக்காது என்பது ஆய்வாளர்களின் முடிவு. வேட்டைக்கோ காவலுக்கோ உதவாத குட்டி அது. அந்தக் கேள்வியைக் கேட்பவர்களுக்கு நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

ஆனால் உங்களுக்கும் எல்லை உண்டு. தீராத நோயுள்ள செல்லப்பிராணிகளைப் பராமரிப்பவர்களிடம் மன அழுத்தமும் சோர்வும் அதிகம் என்பதை மேரி பெத் ஸ்பிட்ஸ்நாகல் குழுவினர் 2017-ல் ஆய்வில் பதிவுசெய்தார்கள். வாரத்தில் சில இரவுகளாவது வேறொருவர் விழித்திருக்கட்டும். நாய் உயிரோடு இருக்கும்போதே அழுகை வருவது பலருக்கும் நடப்பதுதான். குழந்தைகளிடம் மறைக்காதீர்கள். வயதுக்கேற்ப உண்மையைச் சொல்லி, தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்புவது போன்ற ஒரு சிறு பொறுப்பையும் கொடுங்கள்.

படி 8: எப்போது போதும் என்பது

‘நேரம் வரும்போது அதுவே சொல்லும்’ என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பல நாய்கள் சொல்வதில்லை. கடைசி நாள்வரை உங்கள் குரலுக்கு வால் ஆட்டும் நாய், வேதனையிலேயே ஆட்டிக்கொண்டிருக்கலாம். ‘இயற்கையாகவே உறக்கத்தில் போகட்டும்’ என்ற ஆசையும் எல்லா நோயிலும் நிறைவேறுவதில்லை. நுரையீரலில் நீர் சேர்ந்து மூச்சுக்குத் தவிக்கும் மரணம் அமைதியானதல்ல.

கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004-ல் ஓர் அளவுகோலை வகுத்தார். வலி (மூச்சுத் திணறலும் இதில் சேரும்), பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்பது ஆகிய ஏழுக்கும் தலா பத்து மதிப்பெண். பத்து என்றால் மிக நன்று. மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் பராமரிப்பைத் தொடரலாம் என்பது அவர் தந்த வழிகாட்டல். வாரம் ஒரு முறை வீட்டில் ஒவ்வொருவரும் தனித்தனியாக மதிப்பெண் போட்டுப் பிறகு ஒப்பிடுங்கள். வேறுபாடு வரும் இடத்தில்தான் பேச வேண்டியது இருக்கிறது. மொத்தம் எவ்வளவாக இருந்தாலும், மருந்துக்கு அடங்காத வலியும் மூச்சுத்திணறலும் தனியாகவே போதிய காரணங்கள்.

குறிப்பேட்டில் கெட்ட நாட்கள் தொடர்ந்து கூடி, நீங்கள் எழுதிய ஐந்து பிடித்தவற்றில் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சியிருக்கின்றன என்றால் மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள்: ‘உங்கள் நாயாக இருந்தால் என்ன செய்வீர்கள்?’ ஒரு வாரம் முன்னதாக முடிவெடுத்தால் நாய் ஒரு வாரத்தை இழக்கிறது. ஒரு வாரம் தாமதித்தால் அந்த வாரம் முழுவதையும் அது தாங்க வேண்டியிருக்கிறது. இரண்டில் முந்தையதே மேல் என்பது என் உறுதியான கருத்து.

படி 9: அந்த நாள்

என்ன நடக்கும் என்று முன்பே தெரிந்தால் நாயின் மீது மட்டும் கவனம் வைக்க முடியும். வீட்டுக்கு வர முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். படிவம், கட்டணம், உடலை என்ன செய்வது என்பதையெல்லாம் முந்தின நாளே முடித்துவிடுங்கள். முதலில் மயக்க ஊசி போடும்படி கேளுங்கள், சில நிமிடங்களில் நாய் ஆழ்ந்து உறங்கிவிடும். பிறகு ரத்த நாளத்தில் அதிக அளவு மயக்க மருந்து, பெரும்பாலும் பென்டோபார்பிட்டால், செலுத்துவார்கள். முதலில் உணர்வு போகும், பிறகு மூச்சும் இதயமும் நிற்கும். பெரும்பாலும் ஓரிரு நிமிடம்தான். கண்கள் மூடாமலே இருக்கலாம். சிறுநீர் கழியலாம். இதயம் நின்ற பிறகும் ஓரிரு முறை மூச்சு இழுப்பது போல உடல் அசையலாம். அவை தசைகளின் அசைவு, நாய் எதையும் உணர்வதில்லை.

கூடவே இருங்கள் என்றுதான் சொல்வேன். தெரிந்த குரலும் தெரிந்த மணமும் பக்கத்தில் இருப்பது அதற்கு ஆறுதல். உங்களால் முடியவே முடியாது என்றால், அது நன்கறிந்த இன்னொருவர் தலைமாட்டில் இருக்கட்டும்.

படி 10: பிறகு

‘சீக்கிரமே விட்டுவிட்டேனோ, தாமதித்தேனோ’ என்ற கேள்வி பெரும்பாலும் எல்லாரிடமும் வரும். அப்போது குறிப்பேட்டின் கடைசி வாரங்களைப் படியுங்கள். நினைவு நல்ல நாட்களை மட்டும் தேர்ந்தெடுத்துக் காட்டி வாதாடும், அன்று நீங்கள் கண்ணால் கண்டது ஏட்டில் இருக்கும். துக்கம் உறக்கத்தையும் வேலையையும் வாரக்கணக்கில் குலைத்தால் மனநல ஆலோசகரைப் பாருங்கள். குழந்தையிடம் ‘தூங்க வைத்துவிட்டார்கள்’ என்று சொல்லாதீர்கள், அதற்குத் தூக்கத்தின் மீதே பயம் வந்துவிடும். இறந்துவிட்டது என்றே சொல்லுங்கள்.

வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் அது தேடும், குறைவாகச் சாப்பிடும், உங்கள் பின்னாலேயே சுற்றும். அதன் உணவு நேரமும் உலா நேரமும் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாளுக்கு மேல் எதுவும் உண்ணாவிட்டால் துக்கம் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள், அதற்கும் ஏதாவது நோய் இருக்கலாம். மிஞ்சிய மருந்துகளை அதற்குக் கொடுக்காதீர்கள், மருத்துவமனையில் திருப்பி ஒப்படையுங்கள். இறந்த நாய்க்கு வந்தது பார்வோ போன்ற தொற்று என்றால், அந்த வைரஸ் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில், சில இடங்களில் ஓராண்டுகூட உயிர்ப்போடு இருக்கும். புதிய குட்டியைக் கொண்டுவரும் எண்ணம் வந்தால், வீட்டை எதைக்கொண்டு சுத்தம் செய்வது, குட்டிக்குத் தடுப்பூசிகள் முடிந்த பிறகு எப்போது அழைத்துவரலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.